கமுக்கம்

சயான் ஆஸ்பத்திரி, ஒன்பதாம் எண் அறை.
பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நான்,
தாராவித் தமிழை டாக்டருக்கும்
டாக்டரைத் தாராவிக்கும் சொல்கிறவள்.
படிவத்தின் தலையில் மராத்தியில் 'கோப்னீய்'.
கீழே தமிழில் எவரோ
'இரகசியம் பேசப்படும்' என்று அடித்துவைத்திருக்கிறார்.
பேணப்படும். ஓர் எழுத்துத்தான் பிழை.
இரண்டு வருடமாக ஒவ்வொரு தாளிலும்
ச-வை அடித்து ண எழுதுகிறேன்.
ஜெராக்ஸ் தீர்வதாயில்லை.

தோல் பட்டறையில் சாயம் ஏற்றும் ஆள்.
விரல்கள் பத்தும் பழுப்பு.
"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"
ரகசியம் என்றேன்.
சிரித்தான். "எங்க லைன்ல
'ஒரு ரகசியம்'னு வாயைத் திறந்தாலே
பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறையும்."
அந்தரங்கம் என்றேன்.
அது வாரப் பத்திரிகையில்
டாக்டர் பதில் சொல்கிற பக்கமாம்.
பிறகு அவனே கேட்டான்:
"கமுக்கமா வச்சுக்குவீங்களா?"

கமுக்கட்டு என்றால் எங்கள் பக்கம் அக்குள்.
இரண்டு சொல்லும் உறவா என்று
அகராதிக்காரர்கள் சொல்லட்டும்.
எட்டு பத்து லோக்கலில், லேடீஸ் டப்பாவில்
பர்ஸை நான் இடுக்கிக்கொள்வது அங்கேதான்.
அந்தக் கையைத் தூக்க முடியாது.
தாதர் வரைக்கும்
கம்பியைப் பிடிக்க ஒரு கைதான்.
ரகசியத்தைச் சொல்லலாம், உடைக்கலாம், விற்கலாம்.
கமுக்கத்தை
வைத்துக்கொள்ள மட்டுந்தான் முடியும்.

முடிவு வந்தது. சொன்னேன்.
தண்ணீர் கேட்டான்.
"வீட்டுல சொல்லிடுங்க" என்றேன், அது என் வேலை.
"சொல்லணும்" என்றான்.
தாளை மடித்தான், மடித்ததை மடித்தான்,
பீடிக்கட்டு அளவுக்கு வந்த பின்னும்
மடித்துக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அறுபதடி ரோடு, மீன்காரி முன்னால்
ஒருத்தி என் முழங்கையைத் தொட்டாள்.
பஸ் ஸ்டாப்பில் அவனோடு பார்த்த முகம்.
"நீங்க ஆஸ்பத்திரி அக்காதான?
ராத்திரி ராத்திரி மாத்திரை போடுறாரு.
கேட்டா சத்து மாத்திரைங்கிறாரு."
அயிலை கிலோ முந்நூறா, அநியாயம் என்றேன்.
போன வாரம் இருநூற்று நாற்பது என்றேன்.
செவுளைத் தூக்கிப் பார்த்தேன்,
மீனின் செவுளை அவ்வளவு நேரம்
வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
"அக்கா கமுக்கமான ஆளுதான்" என்றாள் அவள்.
அந்தச் சொல் இப்படித்தான்,
பாராட்டா வசவா என்று
சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.
நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை திரையை விலக்கிக்கொண்டு அவளே வந்தாள்.
உட்காரும் முன்பே,
"அவருக்குத் தெரிய வேண்டாம்."
ச-வை அடித்தேன். ண எழுதினேன்.
பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

அவள் முடிவு என்ன என்று
உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.
சொன்னதிலும்
மீன் விலை தவிர எல்லாம் மாற்றியிருக்கிறேன்.
சாயம் தோலுக்கு இல்லை. அவர்கள்
புருஷன் பெண்டாட்டியாகவும் இல்லாதிருக்கலாம்.

ஆனால் இது நடந்தது:
இரண்டு கமுக்கட்டிலும் இடுக்கிக்கொண்டு
எதையும் பிடிக்காமல்
ஓடுகிற வண்டியில் நான் நின்றேன் நாலு மாதம்.
அவனுக்கு ஐந்தாம் தேதி போடுவேன்,
அவளுக்குப் பன்னிரண்டு.
வெளியே ஒரே பெஞ்சு. சந்திக்கக் கூடாது.
டாக்டர் குல்கர்ணி கேட்டார்,
ஏன் உன் தேதிகள் மட்டும் இப்படிக் கோணலாக?
எனக்கு மராத்தி வராததுபோல நின்றேன்.

போன மாதம் அவன் அட்டையைத் திருப்பி நீட்டினான்.
"அடுத்த தடவை பன்னெண்டுன்னு போடுங்க."

அன்னைக்குக் கூட்டமா இருக்குமே என்றேன்.

சாயம் போகாத கட்டைவிரலால்
அட்டையில் ஐந்தை மூடிக்கொண்டு,
"தெரியும்" என்றான்.